அங்கிட்டு என்ன மாட்டியிருக்கு?

அந்தத் தங்கச்சியிடம் எதைக் கேட்டாலும் நேராகப் பதில் வராது. பதிலுக்கு அவளிடமிருந்து ஒரு கேள்விதான் வரும். "அங்கிட்டு என்ன மாட்டியிருக்குண்ணே?"

ஒத்தக்கடையில் என் மாவு மில்லுக்கு அடுத்த கடை அவளுடையது. நடுவில் ஒற்றைச் செங்கல் சுவர்தான். மைக்செட் வாடகைக்கு விடுவது அவள் புருஷன் ஆரம்பித்த தொழில். மகள் பள்ளிக்கூடம் போகிற வயசிலேயே அவர் காலமாகிவிட்டார். கல்யாணத்துக்கு முன்னால் அவள் செப்புக் கம்பியில் காயில் சுற்றுகிற பட்டறையில் வேலை பார்த்தவள். அந்தக் கைப்பழக்கத்தை வைத்துக்கொண்டு, குழாய் ஸ்பீக்கருக்கு வேண்டிய மேட்சிங் டிரான்ஸ்பார்மரைத் தானே சுற்றி, ரிப்பேரும் பார்த்து, கடையை நடத்தினாள். எங்களுக்குள் ரத்த உறவு எதுவும் இல்லை. ஆனாலும் நான் அவளுக்கு அண்ணன், என் வீட்டுக்காரி மதினி. அவள் மகள் செல்விக்கு நாங்கள் மாமாவும் அத்தையும். இப்போது அந்தக் கடையில் ஜெராக்ஸ் மெஷின் ஓடுகிறது. அவள் கடையைக் காலி செய்துவிட்டுத் தம்பி ஊருக்குப் போய்விட்டாள். பெயரை எழுத மனசு வரவில்லை. அவளும் விரும்பமாட்டாள்.

கடைக்கு வருகிறவர்கள் எல்லாரும் வாட்ஸைச் சொல்லித்தான் பேச்சை ஆரம்பிப்பார்கள். ஒருநாள் மேலூர்ப் பக்கத்து இளவட்டம் ஒருத்தன், புதுசாக வாங்கிய ஆம்ப்ளிபயரைப் பிள்ளையைத் தூக்குகிற மாதிரி தூக்கிக்கொண்டு வந்தான்.

"ஐந்நூறு வாட்ஸுக்கா! ஆனாச் சத்தம் மட்டும் கெணத்துக்குள்ள இருந்து வருது."

"அங்கிட்டு என்ன மாட்டியிருக்க?"

"அங்கிட்டு எங்க மாமியா வீடு இருக்குக்கா."

"அப்ப இந்தச் சத்தமே சாஸ்திடா. போயிரு."

மில்லில் மிளகாய் அரைக்க வந்த பெண்கள் எல்லாரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தபடியே, அவன் வண்டியில் கட்டிக்கொண்டு வந்திருந்த குழாயின் வயரைப் பிரித்துப் பார்த்தாள். நடுவில் டிரான்ஸ்பார்மர் இல்லாமல் மாட்டியிருந்தான். குழாய்க்குள்ளே இருந்த மெல்லிய காயில் கருகிப்போகிற பதத்தில் இருந்தது. நாலு வாட்டி ஊதிப் பார்த்துவிட்டு, "பொழைச்சுக்கும்" என்றாள், டாக்டரம்மா மாதிரி.

நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். கரண்ட் என்றால் தொட்டால் அடிக்கும், இரண்டு மாசத்துக்கு ஒருதரம் பில் வரும், அவ்வளவுதான் தெரியும். அதனால் கூச்சப்படாமல் கேட்டேன். "ஆம்ப்ளிபயர்ல இருந்து வயர இழுத்து நேரா ஸ்பீக்கர்ல மாட்டுனா ஆகாதா? நடுவுல எதுக்கு ஒரு இரும்புக் கட்டி?"

"உங்க மோட்டார நேராக் கல்லுல மாட்டியிருக்கீகளா?"

"அதெப்படி? மோட்டார் ஓடுற வேகத்துல கல்லு ஓடுனா மாவு கருகிப் போகும், மோட்டாரும் தெணறும். அதுக்குத்தான மோட்டார்ல சின்னச் சக்கரம், கல்லுல பெரிய சக்கரம், நடுவுல பெல்ட்டு."

"அதே கததாண்ணே. ஆம்ப்ளிபயரு வேகமாக் குடுக்கும், கனம் கம்மி. குழாய்க்குள்ள இருக்க யூனிட்டுக்கு வேகம் கொஞ்சம் போதும், கனம் நெறைய வேணும். சக்கரத்துக்குப் பதிலு நான் சுத்து வைக்கிறேன். இங்கிட்டு நெறையச் சுத்து, அங்கிட்டுக் கொஞ்சச் சுத்து."

"அப்ப பத்துக்கு ஒண்ணு சுத்துனா பத்து மடங்கு மாறுமாக்கும்?"

"அங்கதாண்ணே எல்லாரும் சறுக்குவாக. வேகம் பத்துல ஒண்ணா எறங்கும். கனம் பத்து மடங்கு ஏறும். ரெண்டும் சேந்து நூறு மடங்கு. அங்கிட்டு இருக்கிறது பதினாறு ஓம் யூனிட்டு. ஆனா இங்கிட்டு இருந்து பாக்குற ஆம்ப்ளிபயருக்கு அது ஆயிரத்தி அறநூறாத் தெரியும். அதை நம்பி அதுவும் தெம்பாப் பாடும்."

"ஏமாத்து வேலைன்னு சொல்லு."

"ஏமாத்து இல்லண்ணே. பொருத்தம். குடுக்குறவனுக்கும் வாங்குறவனுக்கும் நோகாம இருக்கணும்ல."

இந்த 'நோகாம' என்கிற வார்த்தைதான் அவள். எங்கள் நகர் மாரியம்மன் கோயில் பங்குனிப் பொங்கலுக்குத் தெருத்தெருவாகக் குழாய் கட்டுவது அவள்தான். ஒவ்வொரு குழாய்க்குப் பின்னாலும் ஒரு டிரான்ஸ்பார்மர் தொங்கும். அதில் நாலைந்து முனைகள் இருக்கும். எந்த முனையில் வயரை மாட்டுகிறோமோ, அதற்குத் தக்கபடி அந்தக் குழாய் கூடவோ குறைச்சலோ பாடும். மற்ற மைக்செட்காரர்கள் எல்லாக் குழாயையும் ஒரே முனையில் மாட்டிவிட்டுப் போய்விடுவார்கள். இவள் ஏணியில் ஏறுவதற்கு முன்னால் எதிர்வீட்டுக் கதவைத் தட்டுவாள். நெஞ்சு ஆபரேஷன் பண்ணிக்கொண்டு வந்தவர் வீடென்றால் சின்ன முனை. கால் விளங்காமல் கட்டிலில் கிடக்கிற ஒரு அம்மா, "ஆத்தா பாட்டு எனக்கு விழவே மாட்டேங்குது தாயி" என்று சொன்னதற்கு, குழாயை அவர் ஜன்னலைப் பார்த்துத் திருப்பிப் பெரிய முனையில் மாட்டினாள். அந்த அம்மா படுத்தபடியே இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கிக் கும்பிட்டதைப் பார்த்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. கோயிலுக்குள் நின்று கும்பிடுகிற எங்களைவிட அந்தக் கும்பிடுதான் ஆத்தாளுக்கு முதலில் போய்ச் சேர்ந்திருக்கும்.

வீட்டு விஷயத்திலும் அவள் அப்படித்தான். என் வீட்டுக்காரி ஒருதரம் எங்கள் சம்பந்தி வீட்டாரோடு கோபித்துக்கொண்டு, வளைகாப்புக்குப் போகமாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டாள். இவள் வந்தாள். யார் சொன்னது, எந்த நேரத்தில் சொன்னது, அன்றைக்கு அந்த வீட்டில் யாருக்கு உடம்புக்கு முடியவில்லை என்று நிதானமாக விசாரித்தாள். கடைசியில், "அந்தச் சம்பந்தி அம்மாவுக்கு அன்னைக்குப் பல்லு வலி மதினி. நீங்க போயி, பல்லு எப்படி இருக்குன்னு மட்டும் கேளுங்க" என்றாள். என் வீட்டுக்காரியும் போய்க் கேட்டாள். அந்த அம்மா கையைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டதாம். அதிலிருந்து எங்கள் தெருவில் எந்த வீட்டில் சண்டை என்றாலும் அவளைத்தான் கூப்பிடுவார்கள்.

செல்வியைக் கோச்சடையில் கட்டிக்கொடுத்தாள். மாப்பிள்ளை கார் வைத்து ஓட்டினார். கோபக்காரர் என்று கல்யாணத்துக்கு முன்னாலேயே காதில் விழுந்தது. "கோவம் இல்லாத ஆம்பள உண்டாண்ணே? நம்ம பிள்ள கொஞ்சம் எறங்கிப் போனா சரியாயிரும்" என்றாள். ஒற்றை மகள். தகப்பன் இல்லாதது. பிள்ளை வாழாமல் வந்துவிட்டாள் என்று ஒரு வாய் சொல்லிவிடக் கூடாது என்கிற பயம் அவளுக்கு நெஞ்சுக்குள் கல்லாக இருந்தது. அது எங்களுக்கும் தெரியும்.

செல்வி போன் பண்ணுவாள். செங்கல் சுவருக்கு இந்தப் பக்கம் எனக்கு அவள் அம்மா பேசுவது மட்டும் கேட்கும். "அவரு என்னேரம் வந்தாரு? சாப்புட்டாரா? நீ அந்நேரம் பாத்து ஏன்டி வாயக் குடுத்த? கொஞ்சம் கொறச்சுக்க." அடுத்த தடவையும் அதேதான். இன்னும் கொஞ்சம் கொறச்சுக்க. என் வீட்டுக்காரிதான் முனகுவாள். "எம்புட்டுத்தான் அந்தப் பிள்ள கொறச்சுக்கும்? கொறைக்கக் கொறைக்க ஆளே இல்லாமப் போயிரும் போல."

அந்த வருஷம் பங்குனிப் பொங்கல் அன்றைக்குக் காலையில், அவள் கோயில் முன்னால் ஏணியில் நின்று குழாய் கட்டிக்கொண்டிருந்தாள். செல்வி ஒரு பையோடு வந்து ஏணிக்குக் கீழே நின்றாள். இடது கையைச் சேலைத் தலைப்பால் சுற்றியிருந்தாள். மணிக்கட்டு வீங்கி, வளையல் சதைக்குள் அமுங்கிக் கிடந்தது.

இவள் இறங்கி வந்தாள். கையைப் பார்த்தாள். பிறகு போனை எடுத்துக்கொண்டு தனியாகப் போய் மாப்பிள்ளையோடு வெகுநேரம் பேசிவிட்டுத் திரும்பினாள்.

"அவரு மேல மட்டும் தப்பு இல்லடி. ராத்திரி பூராம் வண்டி ஓட்டிட்டு வந்த அலுப்பு. நீ பதிலுக்குப் பதில் பேசியிருக்க."

"அம்மா, கையப் பாத்தியா?"

"பாத்தேன். ஐஸ் வையி. சாயங்கால பஸ்ஸுக்குக் கெளம்பிரு."

"இன்னைக்கு ஒரு ராத்திரி இருந்துட்டுப் போறேன்மா."

"வேணாம்டி. அவருக்கு ரோசம் வந்துரும்."

என் வீட்டுக்காரி பொறுக்கமாட்டாமல் குறுக்கே வந்தாள். "எங்க வீட்டுலயாச்சும் தங்கட்டும். திருவிழாவுக்கு வந்துச்சுன்னு சொல்லிக்கிருவோம்."

"மதினி, ஒரு ராத்திரின்னு ஆரம்பிச்சா அது ஒம்பதாயிரும். நீங்க சும்மா இருங்க."

செல்வி அழவில்லை. அழுதிருந்தால் அம்மாக்காரி மனசு மாறியிருக்குமோ என்னவோ. மாவிளக்கும் சர்க்கரைப் பொங்கலும் போட்டு ஒரு கட்டைப்பையைக் கொடுத்தாள் அம்மா. மகள் வாங்கிக்கொண்டு பெரியார் பஸ் ஸ்டாண்டுக்குப் போகிற பஸ்ஸில் ஏறிவிட்டாள்.

அன்று பொழுது சாய, முளைப்பாரி கிளம்புகிற நேரத்தில் எல்லாக் குழாயும் ஒரே மூச்சில் ஊமையாகிவிட்டன. ஆம்ப்ளிபயரில் சிவப்பு விளக்கு எரிந்தது. கமிட்டித் தலைவர், "முனைய மாத்தி மாட்டிப் பாருத்தா, சாமி நிக்கிது" என்று கத்தினார். அவள் வயரைத் தொட்டுக்கொண்டே தெருக்கோடி வரைக்கும் நடந்தாள். நானும் டார்ச்சோடு போனேன். கண்மாய்க் கரையில் ஏதோ லாரி ஏறி வயர் நசுங்கி, உள்ளே இருந்த இரண்டு கம்பியும் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன.

"ஒட்டிக்கிச்சுண்ணே. அங்கிட்டு ஒண்ணுமே இல்லைன்னு ஆகிப்போச்சு. போறதையெல்லாம் இதே குடிக்குது. எத்தனை சுத்து சுத்துனாலும் இதுக்குப் பொருத்தம் பாக்க முடியாது. அத்துவிட்டாத்தான் மத்தது பாடும்."

கட்டிங் பிளேயரால் ஒரே வெட்டு. அங்கே கோயிலில் பாட்டு எழும்பியது. சனங்கள் குலவை போட்டார்கள்.

திரும்பி வந்தபோது, தலையில் முளைப்பாரியோடு வரிசையில் நின்ற என் வீட்டுக்காரி சும்மா இருக்கவில்லை. "வயர அத்துவிடத் தெரியுதுல்ல உனக்கு. பிள்ளையத்தான் திருப்பித் திருப்பி அங்கயே மாட்டுற."

அவள் கையில் இருந்த வயர்த்துண்டைச் சுருட்டிக்கொண்டே சொன்னாள். "வயரு வேற, வாழ்க்கை வேற மதினி."

பிறகு செல்வியிடமிருந்து போன் வரவில்லை. இவளும் பண்ணவில்லை, அம்மாக்காரி தூண்டிவிடுகிறாள் என்று மருமகன் நினைத்துவிடக் கூடாதாம். "போன் வரல பாத்தீகளாண்ணே? பொருந்திருச்சு" என்று என்னிடம் சொன்னபோது அவள் முகம் தெளிவாக இருந்தது. எத்தனையோ நாளைக்குப் பிறகு அவள் பாட்டை முணுமுணுத்துக்கொண்டு காயில் சுற்றுவது சுவர் வழியாகக் கேட்டது. எந்தக் குழாய் ஊமையானாலும் ஓடிப்போய் வயரைத் தடவிப் பார்க்கிறவள், மகள் ஊமையானதை நிம்மதி என்று எடுத்துக்கொண்டாள். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு ஆறவில்லை.

சித்திரைத் திருவிழாக் கூட்டமெல்லாம் வடிந்த பிறகு, ஒரு மத்தியானம் மருமகன் கடை வாசலில் வந்து காரை நிறுத்தினார்.

"எங்க அவ? ஆத்தா வீட்டுல உக்காந்துக்கிட்டு இன்னும் எத்தனை நாளைக்கு வீறாப்புக் காட்டுவா?"

"என்ன மாப்ள சொல்றீக? அவ அங்கதான இருக்கா?"

அவர், அவள் இங்கே இருக்கிறாள் என்று ரோஷத்தில் இருந்திருக்கிறார். இவள், அவள் அங்கே இருக்கிறாள் என்று நிம்மதியில் இருந்திருக்கிறாள். இவள் கையில் பாதி சுற்றிய காயில் இருந்தது. செப்புக் கம்பி அவிழ்ந்து தரையெல்லாம் ஓடியது.

அவர் வாய்க்கு வந்தபடி பேசிவிட்டுப் போன பிறகு, அவள் மில்லுக்குள் ஓடிவந்து மாவு மூட்டை மேல் விழுந்தாள். "அண்ணே, எம்பிள்ளையக் காணோம்ணே." நான் ஆத்தா ஆத்தா என்று சொல்லிக்கொண்டு நின்றேன். என் வீட்டுக்காரிதான் செம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்துவிட்டுச் சொன்னாள்.

"அழாத. பிள்ள நல்லா இருக்கு. நாகமலை புதுக்கோட்டையில ஒரு லேடீஸ் ஹாஸ்டல்ல இருக்கு. கடையில பில் போடுற வேலை. பஸ்ஸுல போன மறுநாளே எனக்குப் போன் பண்ணுச்சு. அவன் தேடி வார வரைக்கும் யாருகிட்டயும் மூச்சு விடக் கூடாதுன்னு ஆத்தா மேல சத்தியம் வாங்கிருச்சு."

எனக்கே அது அப்போதுதான் தெரியும். ஏன் மறைத்தாய் என்று மதினியிடம் அவள் சண்டைக்குப் போகவில்லை. தண்ணீரைக் குடித்துவிட்டு, "கை எப்படி இருக்காம்?" என்று கேட்டாள். அவ்வளவுதான் கேட்டாள்.

மறுநாள் அவளும் என் வீட்டுக்காரியும் ஹாஸ்டலுக்குப் போனார்கள். செல்வி கேட் வரைக்கும் வந்தாளாம். அம்மாவுக்கு டீ வாங்கிக் கொடுத்தாளாம். "நம்ம வீட்டுக்கு வாடி" என்று இவள் கூப்பிட்டதற்கு, "அன்னைக்கு ஒரு ராத்திரி கேட்டேன்மா" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாளாம். சத்தமாகப் பேசவில்லை, திட்டவில்லை. அதைத்தான் தாங்க முடியவில்லை என்று என் வீட்டுக்காரி சொன்னாள். நான் அன்றிலிருந்து வெள்ளிக்கிழமை விளக்கில் ஒரு திரி அந்தத் தாய்க்கும் பிள்ளைக்கும் என்று கூடுதலாகப் போட ஆரம்பித்தேன்.

கொஞ்ச நாளில் ஒரு காலை, அவள் என் மில் வாசலில் மாவு மூட்டை ஏற்ற வருகிற குட்டியானை வண்டியைக் கைகாட்டி நிறுத்தினாள். "அண்ணே, கூட வாரீகளா? கோச்சடைக்குப் போறேன்." நான் மில்லைப் பூட்டிவிட்டு ஏறினேன்.

அன்றைக்குத்தான் அவள் குரல் என்னவென்று எனக்குத் தெரிந்தது. அத்தனை வருஷம் பக்கத்துக் கடையில் இருந்தும் அவள் சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. மருமகன் வீட்டு வாசலில் நின்று, மைக் இல்லாமல், தெருவே வெளியே வரும்படி கூப்பிட்டாள்.

"எம்பிள்ள கைய முறுக்குனவன் வெளிய வாடா!"

மருமகன் வந்தார். அவர் தாயாரும் வந்தார். "என்ன சம்பந்தி, பொதுவில வச்சுப் பேசுறீக? அவன் அன்னைக்கு அலுப்புல..." என்று அந்த அம்மா ஆரம்பிக்க, இவள் கையை நீட்டி நிறுத்தினாள்.

"அலுப்போ சலிப்போ, அது எனக்குத் தேவையில்ல. நான் வெளக்கம் கேக்க வரல. எம்பிள்ள பொருள எடுக்க வந்தேன். வழிய விடுங்க."

ஒருத்தரும் தடுக்கவில்லை. கட்டில், பீரோ, சீர் கொடுத்த அண்டா, குத்துவிளக்கு, தூக்குவாளி என்று ஒன்றுவிடாமல் வண்டியில் ஏற்றினோம். குத்துவிளக்கை மட்டும் நான் துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டேன். டிரைவர், "ஒத்தக்கடைக்குத்தான?" என்று கேட்டார். "இல்லப்பா. நாகமலை புதுக்கோட்டைக்கு விடு" என்றாள். வழியெல்லாம் அவள் முகத்தில் ஒரு வெளிச்சம். பிள்ளை பார்த்ததும் என்ன சொல்லும், எப்படி ஓடிவரும் என்று மனசுக்குள் பார்த்துக்கொண்டே வந்தாள் போல.

செல்வி வேலைக்குக் கிளம்புகிற நேரம். கேட்டுக்கு வெளியே வந்தவள் வண்டியைப் பார்த்தாள். கட்டிலைப் பார்த்தாள். அம்மாவின் கலைந்த தலையைப் பார்த்தாள்.

"கோச்சடைக்குப் போனியா?"

"போனேன். தெருவுல நிக்க வச்சு நாலு கேள்வி கேட்டுட்டு, ஒரு சாமான் விடாம அள்ளிட்டு வந்துட்டேன். இனி அந்தப் பக்கம் நமக்கு ஒண்ணும் இல்லடி. வண்டில ஏறு, போவோம்."

செல்வி வண்டியின் பக்கப் பலகையில் கையை ஊன்றினாள். வலது கை. பிறகு எக்கி, ஒரு சின்ன டம்ளரை மட்டும் எடுத்துக்கொண்டாள்.

"எனக்கு உள்ள ஒரு கட்டிலும் ஒரு பெட்டியும்தாம்மா. இது போதும்."

"சாமான விடுடி. நீ வா."

"அன்னைக்கு இந்த வண்டிய எடுத்துட்டு வந்திருந்தா, நானும் சாமானோட சாமானா ஏறி உக்காந்திருப்பேம்மா."

சொல்லிவிட்டு அம்மாவின் தலையைக் கையால் ஒதுக்கி, கொண்டையைச் சரியாக முடிந்துவிட்டாள். எனக்கு, "பாத்துக் கூட்டிட்டுப் போங்க மாமா" என்றாள். அவள் பஸ் வந்துவிட்டது.

டிரைவர் பக்கத்தில் இடம் இருந்தும் தங்கச்சி முன்னால் ஏறவில்லை. பின்னால் ஏறி, கட்டிலுக்கும் பீரோவுக்கும் நடுவில் இருந்த சந்தில், செல்வி உட்கார்ந்திருக்க வேண்டிய இடத்தில், அண்டாவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். ஒத்தக்கடை வரைக்கும் பாத்திரங்கள் மட்டும் பேசிக்கொண்டு வந்தன.